எண்பத்து மூன்று கிலோவுக்கு எத்தனை மீட்டர்?

ஜூலை 3, வியாழன்

கோவில்பட்டியில் காலை ஆறு மணிக்கு ஏறினேன். விளாத்திகுளம், சாயல்குடி, ராமநாதபுரம். அங்கே வண்டி மாறி, பாம்பன் பாலம் தாண்டி, தங்கச்சிமடத்துக்கு முன்னால் ஒரு கிளைச்சாலையில் இறக்கிவிட்டார்கள். முழங்கால் இரண்டும் மரத்துவிட்டன.

வந்த காரணத்தை முதலிலேயே எழுதிவைப்பது நல்லது. மே மாதம் ஓய்வு பெற்றேன். முழங்கால் வலிக்கு எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடைப்பயிற்சி எனக்குச் சலிப்பு. அப்போதுதான் பேப்பரில் விங் ஃபாயில் என்ற விளையாட்டைப் பற்றிப் படித்தேன். விங் என்கிற காற்றடித்த சிறகு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைமேல் நிற்க வேண்டும். பலகைக்கு அடியில் ஒரு கம்பமும், அதன் முனையில் சின்ன உலோக இறக்கையும் இருக்கும். வேகம் கூடினால் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடுமாம். இதைக் கற்றுத்தருகிற இடம் இங்கே இருக்கிறது. பத்து நாள் பயிற்சி. என் மகள் இசக்கியம்மாள் இதே இடத்தில் வேலை பார்க்கிறாள் என்பது தற்செயல்.

இதைத்தான் மனைவி கோமதியிடமும் சொன்னேன். “சரி, தற்செயலாவே போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, பையில் இரண்டு கிலோ கடலைமிட்டாயை வைத்தாள். பத்து நாளைக்கு ஓர் ஆளுக்கு இரண்டு கிலோ எதற்கு என்று கேட்டேன். “தற்செயலா யாராவது சாப்பிடுவாங்க” என்றாள்.

சேர்க்கைப் படிவம் பூர்த்தி செய்தேன். பெயர்: சண்முகவேலாயுதம். வயது: 60. நீச்சல்: தெரியும் (கிணற்றில்). எடை: 72.

ஜூலை 4, வெள்ளி

இங்கே பயிற்றுநர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த கும்பலுக்குப் போய்விட்டார். மீதமிருந்தவரிடம் என்னையும் டாக்டர் வசுமதி என்ற பல் மருத்துவரையும் ஒப்படைத்தார்கள்.

மேற்படி பயிற்றுநர் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு, “வணக்கம் சார்” என்றார்.

“வணக்கம் மேடம்” என்றேன்.

முறையாகத்தான் நடந்துகொண்டோம். மெலிந்திருக்கிறாள். கறுத்திருக்கிறாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். இதெல்லாம் பயிற்சிக்குச் சம்பந்தமில்லாதவை.

படிவத்தை வாங்கிப் படித்தாள். எடை என்ற இடத்தில் அவள் கண் நின்றது. பிறகு என் வயிற்றில் நின்றது. கொட்டகையில் விங்குகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மூன்றரை, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று நுனியில் எண். சதுர மீட்டர் கணக்காம். டாக்டருக்கு நாலு, எனக்கு அஞ்சு எடுத்துத் தந்தாள்.

“ஏழு இருக்கே” என்றேன்.

“இருக்கு சார்.”

“பெரிசுன்னா சீக்கிரம் தூக்குமில்ல?”

“பெரிசுன்னா பலம் ஜாஸ்திதான். ஆனா உங்க கை நீளம் அதேதானே? ஏழு மீட்டர்ல நுனி தண்ணியில தட்டும். தட்டுனா கவுத்துரும். ரொம்பச் சின்னதுன்னா கையில சொன்னபடி நிக்கும், ஆனா ஆளத் தூக்காது. காத்து எவ்வளவு, ஆள் எத்தன கிலோ, ரெண்டையும் பாத்துத்தான் எடுக்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, “எத்தன கிலோ சார்?” என்றாள்.

“படிவத்துல இருக்கு மேடம்.”

மாலை வரை மணலில் நின்று விங் பிடித்தோம். முன்கையால் பிடித்தால் அது கொடிபோலப் படபடத்துச் சும்மா கிடக்கிறது. பின்கையையும் சேர்த்து இழுத்தால் பலம் வருகிறது. வண்டி முறுக்குவது மாதிரி. நான் மூன்று முறை விழுந்தேன். மணலில் விழுவது கணக்கில் சேராது.

ஜூலை 5, சனி

தோள், புஜம், விலா, விரல்கள். வலிக்கும் என்று எனக்குத் தெரியாத இடங்களும்.

சாப்பாட்டு மேசையில் வைத்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தில் கால்வாசி குறைந்திருக்கிறது. யார் என்று விசாரிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தண்ணீரில் இறக்கினார்கள். கழிமுகம் மாதிரி உள்வாங்கிய இடம், நெஞ்சளவு தண்ணீர். அகலமான பலகை, அடியில் கம்பம் இன்னும் மாட்டவில்லை. முதலில் மண்டியிட்டுப் போக வேண்டும்.

டாக்டர் வசுமதி ஐம்பத்தைந்து கிலோ. படிவத்தில் எழுதியதோடு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வாயாலும் சொன்னார். நாலு மீட்டரைப் பிடித்துக்கொண்டு பதினொரு மணிக்கெல்லாம் எழுந்து நின்றுவிட்டார். நான் மண்டியிட்டபடி, மாட்டுவண்டி போல, ஆனால் மாடு இல்லாமல், போய்க்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டும்போதெல்லாம் “சூப்பர் சார்” என்றார். நான்கு முறை தாண்டினார்.

அஞ்சு மீட்டர் எனக்குப் போதவில்லை என்பது தெளிவு. மேற்படி பயிற்றுநரிடம் சொன்னேன்.

“எழுபத்திரண்டு கிலோவுக்கு இந்தக் காத்துல அஞ்சு தாராளம் சார்” என்றாள். எழுபத்திரண்டு என்பதை அழுத்திச் சொன்னது போல் இருந்தது. என் கற்பனையாக இருக்கலாம்.

முப்பத்தொரு வருடம் எடையளவுத் துறையில் ஆய்வாளர். தராசுக்கு முத்திரை போட்டவன். கடைக்காரர்கள் தட்டுக்கடியில் புளி ஒட்டுவதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். எனக்கு அளவு சொல்லித்தருகிறார்கள்.

ஜூலை 7, திங்கள்

கோமதி போன் செய்தாள். சாப்பாடு, மாத்திரை, துண்டு உலர்கிறதா என்பதெல்லாம் கேட்டுவிட்டு, “அஞ்சு மீட்டரு கை வலிக்காம இருக்கா?” என்றாள்.

வலிக்கவில்லை என்றேன். “அவ எப்படி இருக்கா?” என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நிறைய வேலை செய்கிறாள். காலை ஐந்தரைக்கே கொட்டகையைத் திறக்கிறாள். நேற்று மத்தியானம் நின்றபடியே சாப்பிட்டாள். சொல்லியிருக்கலாம்.

போனை வைத்த பிறகு ஒரு சந்தேகம். அஞ்சு மீட்டர் என்று கோமதியிடம் நான் எப்போது சொன்னேன்? சொல்லியிருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுந்து நின்றேன். அரை நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்த்தேன், பயிற்றுநர் டாக்டருக்குத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தாள். விழுந்தேன்.

டாக்டரின் பலகையில் இன்று கம்பம் மாட்டிவிட்டார்கள். பிற்பகலில் அவர் தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில், சத்தமே இல்லாமல், ஏதோ கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டில் நிற்பது போல் போனார். கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு தடவை.

ஜூலை 9, புதன்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குப் பயிற்றுநர் டாக்டருடன் தண்ணீரில் இருந்தாள். நான் கொட்டகைக்குப் போனேன். ஏழு மீட்டர் விங்கை எடுத்தேன். கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறது, மூன்று மொழியில். மூன்றையும் படித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

முதல் ஐந்து நிமிடம் நான் நினைத்தது சரி என்றே இருந்தது. மண்டியிட்டதும் பலகை சீறிக்கொண்டு கிளம்பியது. எழுந்தேன். நின்றேன். டாக்டரைத் தாண்டினேன். “சூப்பர் மேடம்” என்று சொல்லவும் செய்தேன்.

அதன் பிறகு காற்று ஏறியது. திருப்பப் பார்த்தேன், திரும்பவில்லை. விங்கின் நுனி தண்ணீரில் தட்டியது. அவள் சொன்னது போலவே கவிழ்த்தது. மேலே வந்தபோது பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்; விங் காற்றை அள்ளிக்கொண்டு என்னை இழுத்தது. நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தேன். கால் தரை தட்டவில்லை. முகத்துவாரத்துக்கு வெளியே வலை கட்டுகிற கம்புகள் வரிசையாக நிற்கும். சிப்பி ஒட்டி, கத்தி மாதிரி. அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் போனது. கிணற்று நீச்சல் அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.

பயந்தேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பயந்தேன்.

அப்போது அவள் வந்தாள். மூன்றரை மீட்டர் விங். பலகை தண்ணீரைத் தொடவே இல்லை. அந்த வேகத்தில் அந்த அலையின் மேல் அவ்வளவு அமைதியாக ஒரு மனித உடம்பு வருவதை நான் பார்த்ததில்லை. இரண்டு வருடமாக அவள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் “கடற்கரையில விளையாடிட்டுத் திரியுறா” என்று சொல்லி வந்திருக்கிறேன்.

“பின்கையை விடுங்க!” என்று கத்தினாள்.

விடவில்லை. விட்டால் மூழ்கிவிடுவேன் என்று நினைத்தேன்.

“அப்பா! பின்கையை விடுங்கப்பா! விடுங்க!”

விட்டேன். அந்தக் கணமே இழுப்பு நின்றது. விங் கொடிபோலப் படபடத்து என் பக்கத்தில் விழுந்தது. ஆனால் நீரோட்டம் அதைக் கம்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு கிழிசல் சத்தம். அவள் தன் பலகையை என் நெஞ்சுக்கடியில் தள்ளி, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். ஜெரோன் படகைக் கொண்டுவந்து எங்களை ஏற்றினார். ஜெரோன் இங்கே மீட்புப் படகு ஓட்டுபவர், பேசாத மனிதர். “நல்ல கனம்” என்று மட்டும் சொன்னார்.

கரையில் இறங்கினோம். “நாளைக்குத் தண்ணியில இறங்கக் கூடாது சார்” என்றாள். மறுபடி சார்.

ஜூலை 10, வியாழன்

தண்டனை நாள். கொட்டகையில் உட்கார வைத்தார்கள். கிழிந்த ஏழு மீட்டர் தரையில் விரித்துக் கிடந்தது. ஒரு கை நீளக் கிழிசல். அது எப்படிக் கிழிந்தது என்று பயிற்சிப் பள்ளி முதலாளி கேட்டதற்கு அவள், “என் கவனக்குறைவு” என்றாள். நான் குறுக்கிட்டு, அது என் வேலை, அனுமதியில்லாமல் எடுத்தேன் என்றேன். முதலாளி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, யாராவது ஒருத்தர் ஒட்டிவையுங்கள் என்று போய்விட்டார்.

அவள் உள்ளே போய் ஓர் எடை இயந்திரத்தைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஏறுங்க சார்.”

குனிந்து பார்த்தேன். “இதுக்கு முத்திரை காலாவதி ஆகி ஒண்ணரை வருஷம் ஆச்சு. சட்டப்படி இதுல எடை போடக் கூடாது.”

“ஏறுங்கப்பா.”

ஏறினேன். முள் நின்ற இடம் எண்பத்து மூன்றைக் கொஞ்சம் தாண்டி. மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், முள் அசையவில்லை.

“அம்மா சரியாத்தான் சொல்லிருக்கா” என்றாள்.

“எந்த அம்மா?”

“எனக்கு எத்தன அம்மா இருக்கா?”

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோமதி இவளுக்குப் போன் பேசுகிறாள். நான் கறி எடுக்கப் போகிற நேரத்தில். தராசைச் சரிபார்த்து, கடைக்காரரிடம் வாதாடி, வாங்கிவர எனக்கு ஒரு மணி நேரமாகும் என்பது இருவருக்கும் தெரியும். நான் இங்கே வரப்போவது, வருகிற பேருந்து, போட்டுக்கொண்டிருக்கும் பனியன் வரைக்கும் இவளுக்கு முன்னாலேயே தெரியும். முதல் நாள் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றாளே, அது ஆச்சரியமில்லை.

“அப்போ ஏன் எனக்கு அஞ்சு குடுத்தே? எண்பத்து மூணுன்னு தெரியுமில்ல?”

“மண்டி போட்டுப் பழகுறதுக்கு அஞ்சு போதும், கையில அடங்கும். அதுக்கு மேல, தூக்கணும்னா, ஆறு வேணும். அன்னைக்கே நீங்க வந்து போதலன்னு சொன்னீங்கள்ல, அது சரிதான். அப்போ உண்மையான எடையைச் சொல்லிருந்தா மறுநாளே ஆறு எடுத்துக் குடுத்திருப்பேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் கேட்டிருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்கு.”

“கேட்டியே.”

“சார்னு கேட்டேன்.”

கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் பிடித்தேன். அவள் ஒட்டினாள். சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும், நிதானமான வேலை. என் கை அசையாமல் இருந்தது என்று பாராட்டினாள்.

ஜூலை 11, வெள்ளி

காற்றே இல்லை. கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. ஜெரோன் படகுக்கடியில் படுத்துத் தூங்கினார். டாக்டர் வசுமதி ராமேஸ்வரம் கோயிலுக்குப் போனார்.

நானும் இசக்கியும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றோம்.

“எதுக்குப்பா வந்தீங்க?”

“முழங்கால் வலிக்கு.”

“முழங்கால் வலிக்குக் கடல்ல மண்டி போடச் சொன்ன டாக்டர் யாரு?”

இன்னொரு மிட்டாயை எடுத்தேன். அவளும் விடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வித்தை அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்பது தெரிந்ததே.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததை இந்த நோட்டில் எழுதவில்லை. சுருக்கமாக: சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன், கடலோரம் போகிறேன் என்று போனில் சொன்னாள். நான் பேசினேன். பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதிலிருந்து பேச்சில்லை. “நான் பேசிட்டிருக்கும்போதே போனை வச்சிட்டா” என்று சொந்தக்காரர்களிடம் சொன்னேன். அலுவலகத்திலும் சொன்னேன். பணி ஓய்வு விழாவுக்கு மகள் வரவில்லையே என்று கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னேன்.

கடைசியில், கடலைப் பார்த்தபடி, “அன்னைக்குப் போனை வச்சது நான்தான்” என்றேன்.

“தெரியும்.”

“இனிமே கூப்பிடாதேன்னு சொல்லிட்டு வச்சேன்.”

“அதுவும் தெரியும்ப்பா. கேட்டுட்டுத்தானே இருந்தேன்.”

“நீ வச்சேன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

அவள் ஒரு மிட்டாயை உடைத்து, பாதியை என் கையில் வைத்தாள். “பெரியத்தை கல்யாண வீட்டுல வச்சு என்னைத் திட்டுனாங்க. பெத்தவன் பேசும்போது போனை வைக்கிற பிள்ளை விளங்குமான்னு. நான் ஒண்ணும் சொல்லலை.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா உங்களுக்கு அவமானமால்ல இருக்கும்.”

எழுந்து கடல் வரைக்கும் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பிறகு, அவள் முன்னாலேயே, கோமதியின் அக்கா வீட்டுக்கும் என் தம்பி வீட்டுக்கும் என் அக்காவுக்கும் போன் போட்டேன். அன்றைக்குப் போனை வைத்தது நான், பிள்ளை இல்லை என்று சொன்னேன். முதல் இரண்டு வீட்டிலும் ஒன்றும் புரியவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். என் அக்கா மட்டும், “இதைச் சொல்லவா ரெண்டு வருஷம்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இசக்கி சிரித்தாள். பிறகு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன் விங் பிடிக்கிற முறை மிகச் சரியாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 12, சனி

காற்று பதினாறு நாட், அதாவது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம். ஆறு மீட்டர் விங். பலகையில் கம்பம் மாட்டியாயிற்று.

பதினான்கு முறை விழுந்தேன். இந்த முறை எண்ணினேன். டாக்டர் வசுமதி கரையில் நின்று, “ரிலாக்ஸ் சார், வாயை மூடிக்கிட்டு விழுங்க” என்றார். பல் மருத்துவர் அல்லவா.

ஜூலை 13, ஞாயிறு

கோமதிக்குக் காலையிலேயே போன் செய்தேன். “இன்னைக்குக் கறி எடுக்கப் போகலை, இங்கதான் இருக்கேன். ரெண்டு பேருமா பேசுங்க” என்று சொல்லி இசக்கியிடம் கொடுத்தேன். கோமதி, “அவரு எப்பக் கண்டுபிடிச்சாரு?” என்று கேட்டது எனக்கே கேட்டது.

பத்து மணிக்குத் தண்ணீரில். ஆறு மீட்டர் கையில் கனக்கவில்லை, சும்மாவும் கிடக்கவில்லை. பின்கையை மெதுவாகச் சேர்த்தேன். பலகை வேகம் பிடித்தது. இசக்கி தன் பலகையில் என் இடப்பக்கம் வந்துகொண்டிருந்தாள். “முன்காலை அழுத்தாதீங்க, சும்மா நில்லுங்க” என்றாள். நின்றேன்.

திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. அதுவரை பலகைக்கடியில் சளசளத்துக்கொண்டிருந்த தண்ணீர் காணாமல் போனது. குனிந்து பார்த்தால் கடல் ஒரு முழம் கீழே இருந்தது. என் நிழல் தனியாக அதன்மேல் ஓடியது. எண்பத்து மூன்று கிலோ. எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இசக்கி பக்கத்திலேயே பறந்து வந்தாள். சத்தமில்லாததால் கத்த வேண்டியிருக்கவில்லை. வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரிடம் பேசுவது போல், “முழங்கால் எப்படிப்பா இருக்கு?” என்றாள்.

“அது வலிக்கவே இல்லட்டி. உன்னப் பாக்கத்தான் வந்தேன்” என்று சொல்லத் திரும்பினேன்.

திரும்பக் கூடாதாம். விழுந்தேன். மேலே வந்தபோது அவள் தன் விங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பலகைமேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நீந்திக் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டும்தான்.

ஜூலை 14, திங்கள்

பயிற்சி நேற்றோடு முடிந்தது. இன்று காலை பேருந்தில் ஏறியிருக்க வேண்டும். ராமநாதபுரத்துக்கு ஆறே காலுக்கு ஒரு வண்டி, எட்டு மணிக்கு ஒரு வண்டி. இரண்டும் போய்விட்டன.

கோமதிக்குச் சொல்லிவிட்டேன். எப்போது வருவீர்கள் என்றாள். தெரியவில்லை என்றேன். முப்பத்தாறு வருடத்தில் அவளுக்கு நான் இந்தப் பதிலைச் சொன்னதே இல்லை. “நல்லது” என்றாள்.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. ஆனால் காற்று எழும்பிவிட்டது, இசக்கி கரையிலிருந்து கூப்பிடுகிறாள்.